பதினாறு ஸ்பிரிங்குகளும் ஒரு காந்தக் குச்சியும்

அண்ணன் வந்து வாசலில் நின்றபோது வால்வுக்காரி ஒரு ஜெனரேட்டரின் சிலிண்டர் ஹெட்டைக் கவிழ்த்துப் போட்டுக் கரி சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள், பார்த்தாள், மறுபடி குனிந்து சுரண்ட ஆரம்பித்தாள். ஏழு வருஷமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆள் இன்றைக்கு வலிய வந்து நிற்கிறான் என்றால் நலம் விசாரிக்கவா வந்திருப்பான்?

"பாப்பா, எப்படி இருக்க?" என்றான்.

பாப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயது. முட்டி தேய்ந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க மேஜைக் காலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பேப்பர் படிக்க ஒரு கண்ணாடி, காலிப்பரில் அளவு பார்க்க இன்னொரு கண்ணாடி. ஆனாலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். பாப்பா என்று கூப்பிட்டுவிட்டால் அவள் சொல்வதைக் காதில் வாங்க வேண்டியதில்லை அல்லவா, அந்த வசதிக்காகவே அவன் அந்தப் பெயரை விடாமல் வைத்திருந்தான்.

"இருக்கேன்" என்றாள்.

திரைக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. அவள் வீட்டுக்காரர் தையல்காரர். ஒரே கடையை நடுவில் திரை போட்டு இரண்டாக்கி, ரோட்டைப் பார்த்த பாதியில் அவர் சட்டை தைக்கிறார், பின்பாதியில் இவள் வால்வுகள் உட்காரும் எஞ்சின் ஹெட்டு கட்டுகிறாள். மெஷின் நின்றது என்றால் அவர் காது இந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

அண்ணன் வெயிலைப் பற்றிப் பேசினான், ரோட்டில் குழி தோண்டியிருப்பதைப் பற்றிப் பேசினான், கடைசியில் வழிக்கு வந்தான்.

"ஒரு ரேஸ் எஞ்சின் கையில இருக்கு. புது காம் போட்டிருக்கேன், வால்வை நல்லா ஆழமாத் தள்ளற காம். ஆனா ஸ்பிரிங்கு நிக்க மாட்டேங்குது. மூணு செட்டு உடைஞ்சாச்சு. கடையில இருக்கறதுலயே கெட்டியான ஸ்பிரிங்காப் பாத்துப் போட்டும் உடையுது. வர்ற ரேஸுக்குள்ள நிக்கலேன்னா எஞ்சினை எடுத்துட்டுப் போயிடுவேன்னு சொல்லிட்டாரு."

"யாரு சொன்னா?"

அண்ணன் தரையைப் பார்த்தான். "அந்த ரேஸ்காரர்தான். இப்ப அவரே சொந்தமா டீம் வச்சிருக்காரு."

சுரண்டிக்கொண்டிருந்த கை நின்றது.

வால்வுக்காரி என்பது சும்மா ஒட்டிக்கொண்ட பெயரல்ல. அப்பாவின் பட்டறையில் அண்ணன் முன்னால் நின்று வருகிறவர்களிடம் வாயடிப்பான், இவள் பின்னால் உட்கார்ந்து வால்வு தேய்ப்பாள். அப்பா போன பிறகும் அதே ஏற்பாடுதான். பிறகு பந்தயக் கார்கள் வர ஆரம்பித்தன. எஞ்சினின் வால்வைக் காம் தள்ளித் திறக்கும். திறந்ததை மூட வேண்டியது ஸ்பிரிங்கின் பொறுப்பு. ஸ்பிரிங்கின் உச்சியில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் வட்டுக்கு ரீடெய்னர் என்று பெயர். அந்தத் தொப்பியை வால்வுத் தண்டோடு பிடித்து வைப்பது சுண்டுவிரல் நகம் அளவுள்ள இரண்டு துண்டு லாக்கு. சாமான் இவ்வளவுதான். ஆனால் நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்று சுற்றும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நாலாயிரம் தடவை திறந்து மூடியாக வேண்டும். ஒரு தடவை சோம்பேறித்தனம் பண்ணினாலும் கீழேயிருந்து வரும் பிஸ்டன் அதன் முகத்தில் குத்திவிடும். எந்தக் காமுக்கு எந்த ஸ்பிரிங், அதற்கு எந்த ரீடெய்னர் என்று தேர்ந்தெடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. "வால்வுக்காரி கட்டின ஹெட்டா? அப்ப கண்ண மூடிட்டு மிதி" என்று பந்தயத் தளத்தில் பேசிக்கொள்வார்கள்.

அப்புறம் அந்த நாள் வந்தது. ரேஸ்காரரின் எஞ்சின் ஒரு வளைவில் வைத்து வால்வு ஒன்றைக் கீழே போட்டது. எஞ்சின் இறுகி, கார் சுவரில் மோதி, அவருடைய வலது கால் நொறுங்கியது. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி அண்ணன் சொன்னான்: "என் தங்கச்சி லாக்கைச் சரியாப் போடல. பொம்பளை கையில கொடுத்தது என் தப்பு."

அன்றைக்கு அவள் காய்ச்சலில் வீட்டில் கிடந்தாள். மறுநாள் காய்ச்சலோடு ஓடிப்போய், உடைந்த எஞ்சினைக் காட்டு என்று கேட்டாள். பழைய இரும்புக்குப் போட்டாச்சு என்றான். அந்தப் பதிலிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. உடைந்ததை எந்த மெக்கானிக்கும் வைத்துத்தான் பார்ப்பான், மடியில் கனம் உள்ளவன்தான் அவசர அவசரமாகத் தொலைப்பான். என்ன செய்தான் என்று தெரியவில்லை, ஏதோ செய்திருக்கிறான் என்று மட்டும் தெரிந்தது. விபத்து நடந்த அதே நாள் அதே தளத்தில் அண்ணனின் சொந்தக் கார் இரண்டாவதாக வந்து கோப்பை வாங்கியது. அந்தக் கோப்பை இன்றைக்கும் பட்டறைக் கண்ணாடி அலமாரியில் பளபளத்துக்கொண்டிருக்கிறது.

அவள் சொன்னதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? வால்வுக்காரி போய் 'லாக்கு மறந்தவ' ஆனாள். அதற்குப் பிறகு ஒரு பந்தய ஹெட்டுகூட அவளிடம் வரவில்லை. ஜெனரேட்டர், தண்ணீர் பம்பு, கிழட்டு லாரி, இவைதான் வந்தன. ஒருமுறை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ரேஸ்காரரை நேருக்கு நேர் பார்த்தாள். கைத்தடியோடு நின்றிருந்தார். அவர் சாவிக்கொத்தில் கறுத்துப்போன ஒரு ரீடெய்னர் தொங்கியது. அன்றைக்கு எஞ்சினுக்கு அடியிலிருந்து பொறுக்கியதாம், "என் கால உடைச்சது இதுதான்" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் காட்டுவாராம். அவளைக் கண்டதும் அந்தச் சாவிக்கொத்தை விரலில் மாட்டி ஒரு சுற்று சுற்றினார், வெளியே போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அந்தச் சுற்றைத்தான் அவளால் இன்னும் மறக்க முடியவில்லை.

"நீயே ஸ்பிரிங்கு, ரீடெய்னர் எல்லாம் பாத்து எடுத்து ஹெட்டைக் கட்டிக் கொடுத்துடு பாப்பா" என்றான் அண்ணன். "உன் பேரு வெளிய வராமப் பாத்துக்கறேன். வந்தா உனக்கும் நல்லதில்ல பாரு."

அடேயப்பா, தங்கை மேல் எவ்வளவு அக்கறை! ஓடினால் அவன் கை, உடைந்தால் இவள் கை. இரண்டு பக்கமும் லாபம் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறான். அவளுக்கு ரத்தம் கொதித்தது. கையில் இருந்த சுரண்டியை மெதுவாக மேஜையில் வைத்தாள், கையில் இருந்தால் என்ன செய்வோமோ என்று.

"கட்டித் தரேன். ஆனா ஒண்ணு. கார்ல ஏத்தறதுக்கு முன்னாடி எஞ்சினை டெஸ்ட் ஸ்டாண்டுல வச்சு உச்சி வரைக்கும் ஓட்டிப் பாக்கணும். அந்த ரேஸ்காரத் தம்பி வந்து நிக்கணும். நானும் நிப்பேன். யாரு கட்டினதுன்னு அவருக்குத் தெரியணும்."

அண்ணன் மோவாயைத் தடவினான். வேறு வழி இருந்தால் இங்கே வந்திருப்பானா? சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

திரை விலகியது. வீட்டுக்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி எட்டிப் பார்த்தார். "உங்கண்ணன் கழுத்தளவு எடுத்து வைக்கணுமா?"

"நீங்க எதுக்கு? அது எனக்கே தெரியும். ரெண்டு கையும் சரியாச் சேரும்."

ஹெட்டு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு டப்பாவில் உடைந்த ஸ்பிரிங்குகள். அவள் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். சுருளுக்கும் சுருளுக்கும் நடுவே, தொடவே கூடாத இடத்தில், கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு. சிரிப்பு வந்தது. அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லாம் கெட்டியாக இருக்க வேண்டும். போல்ட்டை முறுக்கினால் தலை திருகும் வரை முறுக்குவான். இங்கேயும் அதே கதை. தடித்த கம்பி ஸ்பிரிங்காகத் தேடிப் போட்டிருக்கிறான். காம் அமுக்கும்போது தடித்த சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொள்கின்றன. முட்டினால் ஸ்பிரிங் ஸ்பிரிங்காக இருக்காது, வெறும் இரும்புக் குழாய். உடையாமல் என்ன செய்யும்?

அது கிடக்கட்டும். இப்போது அந்த ஹெட்டு அவள் மேஜையில் இருந்தது. ஏழு வருஷமாக மனசுக்குள் அண்ணனை எத்தனையோ விதமாக மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறாள், கையில் கிடைத்தது இதுதான் முதல் தடவை. எப்படிக் கெடுப்பது என்று யோசிக்க ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. லாக்கிலும் ரீடெய்னரிலும் சரிவு இரண்டு வகை உண்டு, ஏழு பாகை, பத்துப் பாகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றின் லாக்கை மற்றதன் ரீடெய்னரில் போட்டால் உட்காரும், பிடிக்கும், கொஞ்ச நேரம் நல்ல பிள்ளை மாதிரி ஓடும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கைவிடும். அவள் டிராயரைத் திறந்து இரண்டு வகை லாக்குகளையும் உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினாள். அவ்வளவு இனிப்பாக ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை.

குலுக்கிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். இந்த ஹெட்டு லாக்கு விட்டு உடைந்தால் ஊர் என்ன சொல்லும்? அண்ணன் அன்றைக்குச் சொன்னதையே சொல்லும். ஏழு வருஷமாகப் பொய்யாக இருந்ததை அவளே தன் கையால் உண்மையாக்கிக் கொடுத்த மாதிரி ஆகும். அவனுக்கு இதைவிடப் பெரிய பரிசு வேறு யார் கொடுக்க முடியும்?

லாக்குகளைப் பிரித்துப் பிரித்து அதனதன் டப்பாவில் போட்டாள். கோபம் தணிந்ததால் அல்ல, கோபத்துக்குச் சரியான வழி தெரிந்துவிட்டதால். குறை என்று ஒரு விரல் நீட்ட முடியாத ஹெட்டாக இது இருக்க வேண்டும். மிச்சத்தை அண்ணனின் புத்தி பார்த்துக்கொள்ளும்.

அதிலிருந்து அவள் வேலை செய்த விதத்தைப் பார்த்து வீட்டுக்காரர் திரைப்பக்கம் வரவே பயந்தார். ஸ்பிரிங் உட்காரும் இடத்திலிருந்து ரீடெய்னர் வரைக்கும் பதினாறு வால்வுக்கும் தனித்தனியாக உயரம் எடுத்தாள். மயிரிழை வித்தியாசம் இருந்த இடத்தில் மெல்லிய வட்டத் தகடு வைத்துச் சமப்படுத்தினாள். காம் எவ்வளவு அமுக்கும் என்று பார்த்து, முழுசாக அமுங்கிய பிறகும் சுருள்களுக்கு நடுவே இடைவெளி மிஞ்சுகிற ஸ்பிரிங்காகத் தேடினாள். கடைசியில் ஒன்றுக்குள் ஒன்று இருக்கிற, ஒல்லியான இரட்டை ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தாள். அதற்கு எடை குறைந்த டைட்டானியம் ரீடெய்னர் வேண்டும் என்று அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஒல்லி ஸ்பிரிங்கா? என்ன பாப்பா விளையாடறியா? அதுக்கு டைட்டானியம் வேற. என்கிட்ட இரும்பு ரீடெய்னர் குவிஞ்சு கெடக்கே."

"வால்வு உச்சியில ஒவ்வொரு கிராமையும் ஸ்பிரிங்குதான் திருப்பி இழுத்துட்டு வரணும். உன் இரும்புத் தொப்பியத் தூக்கத்தான் நீ கெட்டி ஸ்பிரிங்கு தேடி அலையற. தொப்பி இளைச்சா ஸ்பிரிங்கும் இளைக்கலாம். அந்தத் தம்பிக்கு அன்னைக்கும் டைட்டானியம்தானே போட்டேன்? அவரே வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டு வந்து என் கையில கொடுத்தாரே."

போனில் மறுமுனை கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் கிடந்தது. "சரி சரி, வாங்கி அனுப்பறேன்" என்று வைத்துவிட்டான். அந்த மௌனம் ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

ஸ்பிரிங்குகள் பதினாறுக்கு இருபதாக வந்தன. ஒவ்வொன்றையும் அமுக்கும் மெஷினில் வைத்து, வால்வு மூடின உயரத்தில் எவ்வளவு அழுத்தம், திறந்த உயரத்தில் எவ்வளவு அழுத்தம் என்று பார்த்தாள். பல தடவை அமுக்கி விட்டு மறுபடி பார்த்தாள், புதிதில் முறுக்காக இருந்துவிட்டுப் பிறகு தொய்கிற ஜாதியும் உண்டு என்பதால். நாலை ஒதுக்கினாள். ரீடெய்னர் பூட்டும்போது ஒன்று கைதவறி மேஜைக்கு அடியில் உருண்டது. பழக்க தோஷத்தில் காந்தக் குச்சியை எடுத்துத் துழாவினாள். எஞ்சினுக்குள் விழுந்த நட்டு, போல்ட்டுகளை எடுக்க அவள் எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் குச்சி அது. ரீடெய்னரைத் தொட்டது, உரசியது, எடுக்கவில்லை. டைட்டானியம் காந்தத்துக்கு மசியுமா? "புத்தி போகுது பார்" என்று தன்னையே திட்டிக்கொண்டு, முட்டி கடகடக்கக் குனிந்து கையால் எடுத்தாள்.

அண்ணன் ஹெட்டை வாங்க வந்த அன்று அவள் அவனை நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். காபி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். வீட்டுக்காரர் ஊசியில் நூல் கோப்பதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்திரமா எடுத்துட்டுப் போ அண்ணே" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. "பழசு எல்லாத்தையும் மறந்துட்டேன். நமக்குள்ள என்ன இருக்கு?"

அண்ணனின் கையில் காபி தளும்பியது. அவன் திட்டுக்குத் தயாராக வந்திருந்தான், அழுகைக்கும் தயாராக வந்திருந்தான். இந்தச் சிரிப்புக்குத் தயாராக வரவில்லை. ஹெட்டை வண்டியில் ஏற்றும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். இரண்டு தடவையும் அவள் சிரித்தாள்.

"நெஜமாவே மறந்துட்டியா?" என்றார் வீட்டுக்காரர், வண்டி மறைந்ததும்.

"மறப்பேனா? அவன் எடத்துல நான் இருந்து, என் எடத்துல அவன் இருந்தா அந்த ஹெட்டுல என்ன பண்ணியிருப்பான்? அதத்தான் நான் பண்ணியிருப்பேன்னு நெனப்பான். கோபமாக் கொடுத்திருந்தா நம்பியிருப்பான். சிரிச்சுக் கொடுத்துட்டேன் இல்ல, இனிமே அவனுக்குத் தூக்கம் வராது. கழட்டாம இருக்க மாட்டான். கழட்டினா என்ன போடுவான்? அவன்கிட்ட இருக்கற கெட்டி ஸ்பிரிங்கைத்தான் போடுவான், ஒரு டெஸ்டுக்காவது தாங்கும்னு."

"ஓடும்போது யாருக்காவது..."

"அதுக்குத்தான் ஸ்டாண்டு கேட்டேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் எஞ்சின் மட்டும்தான் இருக்கும்."

"உன்கிட்ட சண்டை போட்டுட்டு நீ சிரிச்சா, நான் வீட்டை விட்டே ஓடிடறேன் தாயி" என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தார்.

டெஸ்ட் ஸ்டாண்டு ஒரு பெரிய ஷெட்டின் கோடியில் இருந்தது. தடித்த கண்ணாடி வைத்த சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின், இந்தப் பக்கம் ஆட்கள். டீமின் மெக்கானிக்குகள், ஸ்டாண்டு ஆபரேட்டர், கைத்தடியோடு ரேஸ்காரர். அவள் உள்ளே வந்ததும் பேச்சு அடங்கியது. யாரோ ஒருவன் மெல்ல "லாக்கு மறந்தவ" என்றது அவள் காதில் விழுந்தது.

அண்ணன் தொண்டையைச் செருமினான். "ஹெட்டு வேலை என் தங்கச்சி பண்ணினது" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. இந்தத் தடவை பழியை முன்கூட்டியே தயார் பண்ணி வைக்கிறான். ரேஸ்காரரின் முகம் கல்லானது. சாவிக்கொத்து அவர் விரலில் ஒரு சுற்று சுற்றியது.

"ஓட்டுங்க" என்றார்.

எஞ்சின் உறுமியது. மூவாயிரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது அவள் கட்டிய ஹெட்டின் குரல் அல்ல. அவளுடைய ஒல்லி ஸ்பிரிங்குகள் சன்னமாகப் பாடும், இது கரகரவென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. ஐயாயிரம். ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார்கள், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆறாயிரம். அண்ணனின் நெற்றியில் வியர்வை, ஆனால் கண்ணில் ஒரு தெம்பு. தங்கை வைத்த கண்ணியிலிருந்து தப்பிவிட்டோம் என்ற தெம்பு. அதைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. ஏழாயிரம். ஏழாயிரத்து எழுநூறு. படபடவென்று ஒரு சத்தம், பின்னால் ஒரு அடி, இரும்பு இரும்பை அறையும் சத்தம். ஆபரேட்டர் பாய்ந்து சுவிட்சைத் தட்டினான்.

அமைதி வருவதற்குள் அண்ணன் கத்தினான். "பாத்தீங்களா! மறுபடியும்! இவ கை பட்டாலே இப்படித்தான்! நான் அன்னைக்கே சொன்னேன் இல்ல?"

"மூடியத் திறங்க" என்றாள் அவள்.

"எதுக்கு? அதான் தெரியுதே..."

"திறங்கன்னு சொல்றேன்."

ஆபரேட்டர் ரேஸ்காரரைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். வால்வு மூடியைக் கழற்றினார்கள். மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பிரிங் இரண்டாக உடைந்து, ரீடெய்னர் கழன்று எண்ணெயில் சாய்ந்து கிடந்தது. கம்பியின் தடிமனே கதையைச் சொல்லிவிட்டது, ஆனால் அவளுக்கு அது போதவில்லை.

"தம்பி, இதுல நான் என்ன ரீடெய்னர் போட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ரேஸ்காரர் ஏழு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசினார். "டைட்டானியம். நான்தான் வாங்க ஏற்பாடு பண்ணினேன். இவர் கேட்டாரு."

அவள் இடுப்பிலிருந்து காந்தக் குச்சியை உருவினாள். இழுத்து நீட்டினாள். எண்ணெய்க்குள் கிடந்த ரீடெய்னருக்கு மேலே கொண்டுபோனாள்.

டக்.

ஒட்டிக்கொண்டது. அவள் குச்சியைத் தூக்கி ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் பிடித்தாள். எண்ணெய் சொட்டச் சொட்ட ரீடெய்னர் தொங்கியது. மெக்கானிக்குகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"இரும்பு" என்றாள். "என்னுது எங்க அண்ணே?"

அண்ணனின் கண் தன் டூல் பெட்டிப் பக்கம் ஓடியது. ஒரு மெக்கானிக் போய் அவன் டூல் பெட்டியைத் திறந்தான். மேல்தட்டிலேயே சாப்பாட்டு டப்பா ஒன்று, அதற்குள் துணியில் சுற்றிய பதினாறு ஒல்லி ஸ்பிரிங்குகள், பதினாறு டைட்டானியம் தொப்பிகள். ஒரு கீறல் இல்லை.

"இவ... இவ ஏதாவது பண்ணி வச்சிருப்பான்னு..." என்று இழுத்தான் அண்ணன். "அப்படிச் சிரிச்சா..."

யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் ரேஸ்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கைத்தடியை மேஜையில் சாய்த்துவிட்டு, தன் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கறுத்த வட்டையே பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த குச்சியின் முனையில் தொங்கிய ரீடெய்னரை இரண்டு விரலால் பிடுங்கிப் போட்டுவிட்டு, தன்னுடையதை மெதுவாக அதன் பக்கம் கொண்டுவந்தார்.

டக்.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவள் விரித்தது இந்த எஞ்சினுக்கான வலைதான், அந்தப் பழைய எஞ்சின் அதில் வந்து விழும் என்று கனவிலும் நினைக்கவில்லை. போனில் கேட்ட மௌனம் ஞாபகம் வந்தது. கண்ணாடி அலமாரியும் கோப்பையும் ஞாபகம் வந்தன.

"நான் வாங்கிட்டு வந்தது இது இல்ல" என்றார் ரேஸ்காரர். "அக்கா, நீங்க போட்டதும் இது இல்ல."

"இல்ல தம்பி. இந்த இரும்புத் தொப்பிய என் ஒல்லி ஸ்பிரிங்கால இழுக்க முடியாமத்தான் வால்வு விழுந்திருக்கு. உங்களோடது அன்னைக்கு ரெண்டாவதா வந்த கார்ல ஓடுச்சு." அண்ணன் பக்கம் திரும்பினாள். "அப்படித்தானே?"

அண்ணன் சுவரில் சாய்ந்துவிட்டான். "ஒரு நாளைக்குத்தான் பாப்பா... ரேஸ் முடிஞ்சதும் திரும்ப மாத்திடலாம்னுதான்... இப்படி ஆகும்னு எனக்கு என்ன தெரியும்?"

ஏழு வருஷம் அவள் இந்த நேரத்தை ஒத்திகை பார்த்திருந்தாள். சொல்ல வேண்டியது, திட்ட வேண்டியது, அறைய வேண்டியது எல்லாம் வரிசையாக வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை. ரேஸ்காரர் சாவிக்கொத்திலிருந்து அந்த ரீடெய்னரைக் கழற்ற முயன்றார். வளையம் இறுகிப் போயிருந்தது. நகத்தால் நெம்பினார், கழன்றது. நொண்டி நொண்டி அண்ணனிடம் போய், அவன் சட்டைப்பையை விரலால் விரித்து, அதை உள்ளே போட்டார். பையைத் தட்டிக் கொடுத்தார்.

"இனிமே இத நீங்க வச்சுக்கங்க."

பிறகு அவளிடம் வந்து, அந்தச் சாப்பாட்டு டப்பாவை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "எஞ்சினைக் கடைக்கு அனுப்பறேன் அக்கா. இந்த ரேஸ் போனாப் போகட்டும்" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, கேட்கட்டும் என்று நின்றாள். கேட்டார். முழுசாகக் கேட்டு முடிக்கும்வரை நின்றாள். நல்ல எஞ்சின் ஒன்று போயிற்றே என்று ஓர் ஓரத்தில் உறுத்தத்தான் செய்தது. கட்டிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். வெளியே போகும்போது பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள், "வால்வுக்காரிக்கு வழி விடுங்கப்பா."

வீட்டுக்காரர் சட்டை ஒன்றுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். அவள் டப்பாவை மேஜையில் வைத்தாள், தண்ணீர் குடித்தாள், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"பாவம்டீ உங்கண்ணன்" என்றார் கடைசியில். எத்தனை வருஷம் ஆனாலும் அவருக்கு அந்த இளகின மனசு போகாது.

"ஒண்ணும் பாவம் இல்ல."

"சரி, இப்பவாவது மனசு ஆறுச்சா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு என்ன வந்தது? "ஆறின மாதிரிதான் இருக்கு. ஆனா அந்தச் சத்தத்தை இன்னும் ஒரு தடவை கேக்கணும் போல இருக்குங்க."

இடுப்பிலிருந்து காந்தக் குச்சியை உருவி, அவருடைய தையல் மெஷினின் இரும்புத் தலைமேல் வைத்தாள். டக் என்றது. பிடுங்கி எடுத்தாள், மறுபடி வைத்தாள். அவர் காலரைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார், அவளுக்குப் போதும் என்று தோன்றும்வரை.